காயைத் தெரியும், செடியைத் தெரியுமா?

எங்கள் பக்கத்தில் கழற்சிக்காயைப் பார்க்காத கை இருக்காது. தமிழ் பேசும் வீட்டில் அது கழற்சிக்காய், தெலுங்கு பேசும் வீட்டில் கச்சகாய. நகரியில் எங்கள் அவ்வா அதை ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருந்தார். மத்தியான வெயிலில் திண்ணையில் உட்கார்ந்து, ஐந்தைத் தரையில் இறைத்து, ஒன்றை மேலே வீசி, அது கீழே வருமுன் மற்றவற்றை அள்ளுவோம். இப்போது பிள்ளைகள் கூழாங்கல்லை வைத்து ஆடுகிறார்கள். ஆனாலும் ஆட்டத்துக்குப் பெயர் கச்சகாயலுதான். பையன்களின் விளையாட்டு வேறு. காயைச் சிமென்ட் தரையில் பரபரவென்று தேய்த்து, சூடேறியதும் பக்கத்தில் இருப்பவன் தொடையில் வைத்து அலறவிடுவார்கள்.

திருப்பதியில் தாவரவியல் ஆசிரியையாக இருந்த காலமெல்லாம் நான் ஒன்றைக் கவனித்து வந்தேன். விதை சேகரித்து வரச் சொன்னால், வகுப்பில் பாதிப்பேர் கழற்சிக்காயோடு வருவார்கள். இலை கொண்டுவா என்றால் ஒருவரும் கொண்டுவரமாட்டார்கள். காய் கடையிலிருந்தோ பாட்டியின் டப்பாவிலிருந்தோ வரும். செடி எங்கே நிற்கிறது, எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. பெரியவர்களுக்கும் இதே நிலைதான். காய் தொங்கும் சில மாதங்களில் மட்டும் அதைக் கழற்சி என்கிறோம். மற்ற நாளெல்லாம் அது வெறும் முள்ளுப் புதர், வெட்டிக் கொளுத்த வேண்டிய ஒன்று. காயில்லாத நாளிலும் இந்தச் செடியை அடையாளம் காணத் தெரியவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் அதன் வாகைச் சொல்கிறேன். கழற்சி மரமும் அல்ல, பற்றுக்கம்பி விட்டுச் சுருண்டேறும் கொடியும் அல்ல. பக்கத்தில் இருப்பதன்மீது சாய்ந்து, தொற்றி, படர்ந்து ஏறும் புதர். சாய எதுவும் கிடைக்காவிட்டால் தன்மேலேயே விழுந்து மேடாகக் குவியும். வேலியோரத்தில் ஆளுயரப் பச்சைக் குவியலாகத் தெரியும். பனைமரமோ வேப்பமரமோ பக்கத்தில் இருந்தால் பல மீட்டர் ஏறிவிடும்.

ஏறுவதற்கு அதற்குள்ள ஒரே கருவி முள். தண்டில் நேர் முள்ளும் வளைந்த முள்ளும் கலந்து இருக்கும். இலையில் இருப்பவையோ கொக்கிகள். ஒரு முழ நீளம், சில வேளை அதற்கும் கூடுதலாக வளரும் அந்த இலையின் நடுக்காம்பைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். கொக்கிகள் எல்லாம் செடியின் பக்கமாக, அதாவது இலையின் அடியை நோக்கி வளைந்திருக்கும். கையை உள்ளே விடும்போது ஒன்றும் செய்யாது. வெளியே இழுக்கும்போதுதான் பிடித்துக்கொள்ளும். வளரும் குருத்து காற்றில் ஆடி மேலே போனால் திரும்பச் சறுக்கிவிடாமல் இருப்பதற்கான ஏற்பாடு இது. தடா பக்கத்தில் ஒரு மணல்மேட்டில் என் சேலை மாட்டிக்கொண்டபோது, விறகு பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு யானாதிப் பழங்குடி அவ்வா ஓடிவந்தார். "இழுக்காதேம்மா, கிழிஞ்சுடும். இன்னும் ஒரு அடி உள்ளே போ, அதுவே விட்டுடும்" என்று தெலுங்கில் சொன்னார். "உள்ளே போனா இன்னும் மாட்டாதா அவ்வா?" என்று கேட்டேன். "போய்த்தான் பாரேன்" என்றார். போனேன், விட்டுவிட்டது. கொக்கியின் திசை அதற்குப் பிறகு எனக்கு மறந்ததே இல்லை.

இலை கூட்டிலை, அதிலும் இரட்டைக் கூட்டிலை. நடுக்காம்பிலிருந்து இருபுறமும் ஜோடி ஜோடியாகக் கிளைக்காம்புகள் பிரியும். பெரும்பாலும் ஆறு முதல் ஒன்பது ஜோடி. ஒவ்வொரு கிளைக்காம்பிலும் மறுபடி ஜோடி ஜோடியாகச் சிற்றிலைகள். ஒரு சிற்றிலை கட்டைவிரல் நகத்தைவிடப் பெரியது, நீள்வட்டம், நுனியில் சின்னக் கூர்.

அடுத்த அடையாளத்தைத்தான் நான் மாணவர்களிடம் அடித்துச் சொல்வேன். இளம் இலை ஒன்றின் காம்பு தண்டோடு சேரும் இடத்துக்கு வாருங்கள். அங்கே இருபுறமும் பிளவுபட்ட குட்டி இலைகள்போல இரண்டு பகுதிகள் நிற்கும். பாடப்புத்தகம் இதை இலையடிச் செதில் என்கிறது. பல செடிகளில் இது கண்ணுக்கே தெரியாத அளவில் இருக்கும். கழற்சியில் நிஜ இலைபோல அகன்று, மடல் மடலாகப் பிளந்து, ஒளிவுமறைவில்லாமல் நிற்கும். முற்றிய இலைகளில் உதிர்ந்து போயிருக்கக்கூடும். அதனால் கிளைநுனிப் பக்கம் தேடுங்கள். முள்ளும், இரட்டைக் கூட்டிலையும், இலைபோன்ற இலையடிச் செதிலும் ஒரே செடியில் சேர்ந்திருந்தால், காயோ பூவோ இல்லாமலேயே கழற்சி என்று சொல்லிவிடலாம்.

இதைக் கற்றுக்கொள்ளாமல் முள்ளையும் இலையையும் மட்டும் நம்பினால் எங்கள் மாவட்டங்களில் குழம்பாமல் இருக்க வழியில்லை. சேஷாசலம் மலைச்சரிவுகளிலும் நகரி மலையடிவாரத்திலும் இதே வாகில் படரும் முட்புதர்கள் பல உண்டு. இண்டங்கொடியும் சீகைக்காய்க் கொடியும் இரட்டைக் கூட்டிலையும் கொக்கிமுள்ளும் உடையவை. ஆனால் அவற்றின் சிற்றிலைகள் மிகச் சிறியவை, நெருக்கமாகச் சீப்புப் பல் இட்டவை. காயோ தட்டைப் பட்டை. பூவும் மஞ்சள் கதிரல்ல, உருண்டைக் குஞ்சம். இன்னொன்று டெரொலோபியம் ஹெக்ஸாபெட்டலம் என்ற புதர். திருமலைக் காட்டோரங்களில் காய்க்கும் நாளில் அதன் காய்க்கொத்துகள் செக்கச்செவேலென்று தெரியும். ஒவ்வொரு காய்க்கும் காற்றில் சுழன்று பறக்க ஒற்றை இறக்கை இருக்கும். மலையிலிருந்து விதையை அனுப்பக் காற்று போதும். கழற்சி நம்பியிருப்பது தண்ணீரை. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

வெட்டுகிறவர்கள் அதிகம் குழப்பிக்கொள்வது சீமைக்கருவேலத்தோடு. தெலுங்கில் சர்க்கார் தும்ம. இது 1870-களின் இறுதியில் கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் விதைக்கப்பட்டது. விதை வேண்டும் என்று கேட்டவர் அன்றைய மதராஸ் மாகாண வன அதிகாரி பெட்டோம். திருமலை மலைகளுக்கே உரிய அரிய தாவர இனமான சைகஸ் பெட்டோமி இவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், இதே மனிதர் கேட்டு வாங்கிய விதைதான் நம் ஏரிகளை மூடியது என்று நினைத்துக்கொள்வேன். இரண்டையும் பிரித்தறிவது சுலபம். சீமைக்கருவேலத்தின் முள் நேரானது, கொக்கி கிடையாது. நடுக்காம்பில் ஒரு ஜோடி, மிஞ்சினால் இரண்டு மூன்று ஜோடிக் கிளைக்காம்புகள்தான். அடிமரம் தன் காலில் நிற்கும், யார்மேலும் சாயாது.

பூவும் காயும் இருந்தால் வேலை இன்னும் லேசு. கழற்சிப்பூ மஞ்சள், நிமிர்ந்த கொத்து. மொட்டுகளுக்கு அடியில் இருக்கும் பூவடிச் செதில்கள் பின்னோக்கி வளைந்து நிற்கும். ஆண்பூவும் பெண்பூவும் பெரும்பாலும் வெவ்வேறு செடியில் இருக்கும். ஆகவே வருஷா வருஷம் பூத்தும் காய்க்காத புதரை மலடு என்று வெட்டவேண்டாம். அது ஆண்செடியாக இருக்கலாம். அது இல்லாவிட்டால் பக்கத்துத் தோப்பு வேலியில் இருக்கும் செடியும் காய்க்காது. காய், முள்ளெலி சுருண்டு படுத்ததுபோல, ஐந்தாறு சென்டிமீட்டர் நீளத்தில் உப்பி, உடம்பெல்லாம் மெல்லிய முள்ளோடு இருக்கும். காய்ந்ததும் இரண்டாகப் பிளந்து வாய் திறக்கும். ஆனால் கொடியைவிட்டு விழாது. உள்ளே ஒன்றோ இரண்டோ, சில வேளை கூடுதலோ, சாம்பல்நிற விதைகள். நாம் காய் என்று டப்பாவில் போட்டு வைப்பது உண்மையில் இந்த விதையைத்தான்.

விதையை ஒரு பூதக்கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். பளபளப்பான சாம்பல் ஓட்டில், ஒன்றுக்குள் ஒன்றாக, மயிரிழைபோன்ற வளையங்கள் தெரியும். வெறுங்கண்ணுக்கும் சாய்த்துப் பிடித்தால் தெரியும். விதை சாம்பலாக இல்லாமல் மஞ்சளாக இருந்தால் அது வேறு இனம், கில்லாண்டினா மேஜர். அதன் காயும் முள்காய்தான், கொடியும் அப்படியேதான். ஆனால் அதில் இலையடிச் செதில் இருப்பதே தெரியாது. காயின் முள்ளை மட்டும் வைத்துப் பெயர் சொன்னவர்கள் இந்த இரண்டையும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக மாற்றி மாற்றிச் சொல்லி வந்தார்கள்.

அந்தக் குழப்பம் லின்னேயஸ் காலத்திலேயே தொடங்கியது. 1753-ல் கில்லாண்டினா பொண்டக் என்று ஒரு பெயர் வைத்தார். 1762-ல் கில்லாண்டினா பொண்டசெல்லா என்று இன்னொன்றைப் பிரித்தார். 1753-லேயே சீசால்பினியா கிரிஸ்டா என்றும் ஒன்று இருந்தது. கிரிஸ்டா கடற்கரைச் சதுப்பையும் அலையாத்திக் காட்டோரத்தையும் சேர்ந்த ஏறுகொடி. காயில் முள்ளே கிடையாது, ஒரே விதை. ஆனால் இந்தியாவில் எழுதப்பட்ட பழைய தாவர நூல்களிலும் மருந்து நூல்களிலும் நம் சாம்பல் கழற்சி ஒரு பக்கம் பொண்டசெல்லா என்றும், இன்னொரு பக்கம் கிரிஸ்டா என்றும் வரும். 1938-ல் டேண்டி, எக்ஸெல் என்ற இரு ஆங்கிலேயத் தாவரவியலாளர்கள் மூன்று செடிகளுக்கும் உரிய பெயர்களைப் பிரித்து வைத்தார்கள். பிறகு 2016-ல் மரபணு ஆய்வின் அடிப்படையில் சீசால்பினியா கூட்டமே பல பேரினங்களாகப் பிரிக்கப்பட்டது. அதனால் சாம்பல் கழற்சி மறுபடி கில்லாண்டினா பொண்டக் ஆகிவிட்டது. பழைய மருந்துப் புத்தகத்தில் கிரிஸ்டா என்று பார்த்துவிட்டு காயில் முள்ளில்லாத கொடியைத் தேடி அலையாதீர்கள் என்பதற்காகவே இவ்வளவு சொல்கிறேன். எங்கள் பக்கத்துச் செடிகளைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு 2008-ல் மாதவ செட்டி, சிவாஜி, துளசி ராவ் மூவரும் சித்தூர் மாவட்டப் பூக்கும் தாவரங்கள் குறித்துக் கொண்டுவந்த நூல் பெரிய துணை.

சரி, கடலுக்கு வருவோம். கழற்சி விதையைத் தண்ணீர்த் தொட்டியில் போடுங்கள், பெரும்பாலும் மிதக்கும். ஓட்டுக்குள் பருப்பு இறுக நிறைந்திருப்பதில்லை, நடுவே காற்றிடம் இருக்கிறது. ஓடோ தண்ணீர் புகாதது. உப்புநீரில் நீண்டகாலம் மிதந்த பிறகும் உயிரோடு இருக்கும். வெப்ப நாடுகளின் கடற்கரையெங்கும், ஆப்பிரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் பசிபிக் தீவுகளிலும், இதே செடி மணல்மேட்டில் படர்ந்து நிற்பதற்கு இதுதான் காரணம். அது வளரவே முடியாத குளிர்நாட்டுக் கரைகளிலும் விதை ஒதுங்குகிறது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகளில் ஒதுங்கிய விநோத விதைகளைப் பற்றி 1696-ல் ஹான்ஸ் ஸ்லோன் எழுதினார். அங்குள்ள மக்களுக்கு அவை என்னவென்றே தெரியாது. ஸ்லோன் அதற்கு முன் ஜமைக்காவில் இருந்தவர், செடிகளை அவை நிற்கும் மண்ணிலேயே பார்த்தவர். அதனால்தான் கழற்சி உட்படச் சில விதைகள் அங்கு வளர்பவை என்று அவரால் சொல்ல முடிந்தது. விதையை ஆயிரம்பேர் கையில் எடுத்திருப்பார்கள். செடியைப் பார்த்திருந்தவர் அவர்.

கடற்கரைச் செடிக்கும் திருப்பதிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். 2022 ஏப்ரல் 4-ம் தேதி ஆந்திரத்தின் 13 மாவட்டங்கள் 26 ஆக்கப்பட்டபோது, பழைய நெல்லூர் மாவட்டத்திலிருந்த சூளூர்ப்பேட்டையும் தடாவும் ஸ்ரீஹரிகோட்டாவும் திருப்பதி மாவட்டத்துக்கு வந்தன. ஏழுமலையானின் மாவட்டத்துக்கு அன்றுமுதல் வங்கக்கடல் எல்லை. சூளூர்ப்பேட்டையிலிருந்து பழவேற்காடு ஏரியைக் கடந்து போகும் சாலையில் எல்லோரும் பூநாரைகளைப் பார்க்கத்தான் நிறுத்துவார்கள். நான் மணல்மேட்டு ஊர்களின் வேலிகளைப் பார்ப்பேன். ஸ்ரீஹரிகோட்டா தீவில் விண்வெளி மையம் இருப்பதால் பொதுமக்கள் அனுமதியின்றி உள்ளே போக முடியாது. அந்தக் காவலின் கீழ் கிழக்குக் கரையின் உலர் பசுமைமாறாக் காட்டில் நல்லதொரு பகுதி வெட்டுப்படாமல் நிற்கிறது. வெளியே ஏரிக்கரையில் பனைக்கும் சங்கஞ்செடிக்கும் இடையே கழற்சி படர்ந்திருக்கும். வேர் மணலைப் பிடிக்கிறது, புதர் காற்றைத் தடுக்கிறது. அதன் அடியில் தவிட்டுக்குருவிகள் குடும்பமாகக் கிளறிக்கொண்டிருக்கும், கீரி நுழைந்து மறையும். கருடனோ நாயோ உள்ளே வராது.

உள்நாட்டுக்கு அது எப்படி வந்தது? மனிதக் கையால் வந்தது என்பதே என் எண்ணம். சங்கப் பாடல்களில் பெண்கள் ஆடும் கழங்கும், வேலன் குறி பார்க்கும் கழங்கும் கழற்சிக்காய்தான் என்று உரைகாரர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் ஈராயிரம் ஆண்டாக நம் ஆட்கள் இதை மடியில் கட்டிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். ஆடு மேயாது, மாடு தாண்டாது. மாந்தோப்புக்கும் கரும்புக் கொல்லைக்கும் இதைவிட நல்ல உயிர்வேலி கிடையாது. புத்தூர், நாராயணவனம் பக்கத்துப் பழைய தோப்பு வேலிகளில் இன்னும் பார்க்கலாம். கம்பிவேலி வந்த இடங்களில் போய்விட்டது.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாக. விரைவீக்கத்துக்கும் முறைக்காய்ச்சலுக்கும் நாட்டு வைத்தியத்தில் இதன் பருப்பை மிளகோடு சேர்த்துக் கொடுப்பது பழைய வழக்கம். 1868-ல் வெளியான இந்திய மருந்து நூல் இந்த விதையை அங்கீகரித்துச் சேர்த்துக்கொண்டது. கொயினா வாங்க முடியாத ஏழைகளுக்கு அன்று இது மாற்றாக இருந்தது. இப்போது கர்ப்பப்பை நீர்க்கட்டிக்கு என்று யூடியூப் பார்த்துப் பெண்பிள்ளைகள் உடைத்துத் தின்கிறார்கள். இது எனக்குக் கவலையாக இருக்கிறது. பருப்பு கடுங்கசப்பு, வீரியமானது. முறையாகப் படித்த சித்த மருத்துவரோ ஆயுர்வேத மருத்துவரோ சொல்லாமல், அதிலும் கர்ப்பிணிகள், தொடவே கூடாது.

அதைவிடப் பெரிய கவலை ஏரிக்கரைகளில் மண்வாரி இயந்திரம் இறங்கும்போது வருகிறது. சீமைக்கருவேலம் அகற்றப்பட வேண்டும், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் இயந்திரம் ஓட்டுகிற தம்பிக்கு முள் என்றால் எல்லாம் ஒரே முள். எங்கள் ஊர்ப்பக்கத்து ஏரி ஒன்றில் வேலை நடந்தபோது, கரையின் மேல்முனையில் இருந்த பழைய கழற்சிப் புதர் கருவேலத்தோடு சேர்ந்து ஒரே நாளில் போனது. "இதுவும் சர்க்கார் தும்மதானேக்கா?" என்றான் அந்தத் தம்பி. கீழே கிடந்த கிளையில் இலையின் அடியைத் திருப்பிக் கொக்கியைக் காட்டினேன். காய்ந்த காய் ஒன்றைப் பிளந்து விதையைக் கையில் கொடுத்ததும், "அட, கச்சகாய!" என்று சொல்லி இரண்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அவனும் சின்ன வயதில் தேய்த்துச் சூடு வைத்தவன்தான். அடுத்த ஏரிக்குப் போகுமுன் கரையை ஒருமுறை நடந்து பார்த்து, நம் செடிகளுக்குச் சுண்ணாம்பு அடையாளம் போட்டுவிட்டால் அவன் விட்டுவிடப் போகிறான். பஞ்சாயத்திலும் நீர்ப்பாசனச் சங்கத்திலும் இருப்பவர்கள் இதை ஒரு காலை நேரத்தில் செய்துவிடலாம். கழற்சி மட்டுமல்ல, களா, ஆதொண்டை, சங்கு, சூரை எல்லாம் நம் முட்களே.

வேலிக்கு வைக்க விரும்புகிறவர்களுக்கு: விதையை அப்படியே மண்ணில் போட்டால் எப்போது முளைக்கும் என்று சொல்ல முடியாது, கடல்நீரையே உள்ளே விடாத ஓடு அது. கரடுமுரடான கல்லிலோ உப்புத்தாளிலோ ஒரு பக்கத்தைத் தேயுங்கள். சாம்பல் ஓடு நீங்கி அடியில் வெளிர்நிறம் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள், பருப்பில் படக்கூடாது. பிறகு தண்ணீரில் ஊறவையுங்கள். நன்றாக உப்பியதைப் பையில் நட்டு, மழை தொடங்கும் பட்டத்தில் வேலியோரம் மாற்றுங்கள். ஆண்செடியும் பெண்செடியும் அமையவேண்டும் என்பதால் ஒன்றோடு நிறுத்தாமல் நாலைந்தாக வையுங்கள். பிள்ளைகள் நடக்கிற வழியிலிருந்து இரண்டு பாகமாவது தள்ளி வையுங்கள். கிளை மூன்று நான்கு மழைக்குள் அந்த இடத்தை நிரப்பிவிடும்.